டீசல் தொட்டியில் லிட்டர் கணக்கு: அடியில் பிரஷர் சென்சாரா, மேலே ரேடாரா?

கேணி: படுக்கைவாட்டு உருளைத் தொட்டி. உள்விட்டம் 2 மீட்டர், நீளம் 5 மீட்டர், முனைகள் தட்டை. உள்ளே டீசல், வென்ட் (காற்றுப்போக்கி) திறந்தே இருக்கும். அடியில் பிரஷர் சென்சார் போட்டு லிட்டர் காட்டணும். கையில் 0–10 பார் சென்சார் ஒண்ணு இருக்கு, துல்லியம் முழு வீச்சில் 0.25%. போதுமா?

மில்லிபார்: அதை ஓரமா வச்சிடுங்க. 1 மீட்டர் தண்ணிக்கு அழுத்தம் 98.1 மில்லிபார் (1 பார் = 1,000 மில்லிபார்). டீசல் அடர்த்தி கனமீட்டருக்கு 840 கிலோன்னா 82.4. உங்க தொட்டி நிறைஞ்சாலே 165 மில்லிபார்தான் வரும். 10 பாரில் 0.25% என்பது 25 மில்லிபார், அதாவது 30 செ.மீ. டீசல். பாதித் தொட்டியில் 1 செ.மீ. 100 லிட்டர்; ஆக, கிட்டத்தட்ட 3,000 லிட்டர் முன்னே பின்னே! 0–250 மில்லிபார் கேஜ் வகை (வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிச்சுக் காட்டுறது) வாங்குங்க, அதே 0.25%-க்குப் பிழை 8 மி.மீ.க்குள் அடங்கிடும்.

லிட்டருக்கு மாத்த (ஆ ஆரம், உ உயரம், நீ நீளம், கோணம் ரேடியனில்):

கன அளவு = நீ × [ஆ² × காஸ்⁻¹((ஆ−உ)/ஆ) − (ஆ−உ) × √(2ஆஉ−உ²)]

உயரத்துக்கு லிட்டர் நேர்விகிதம்னு போட்டா மாட்டிக்குவீங்க. 50 செ.மீ. உயரத்தில் நேர்விகிதம் 3,927 லிட்டர் சொல்லும். உண்மையில் இருப்பது 3,071.

ஆழம்பார்ப்பவன்: சூத்திரம் சரி, கருவி தப்பு. சென்சார் அளப்பது உயரத்தை அல்ல, தலைமேல் இருக்கும் எடையை. டீசல் 20 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் ஏறக்குறைய 1.66% விரியும். பாதித் தொட்டியில் 130 லிட்டர் கூடும், மட்டம் 13 மி.மீ. ஏறும். அடர்த்தி குறைந்ததால் சென்சாரோ 35 லிட்டர் குறைந்துவிட்டதாகச் சொல்லும். ஏறினதை இறங்கிற்று என்று காட்டும் கருவியை வைத்து என்ன கணக்கு எழுதுவது? கம்பிவழி ரேடார் (மேலிருந்து கம்பி வழியே அலை அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் மட்டத்தை அளப்பது) போடுங்கள், அடர்த்தி பற்றிய கவலையே இல்லை.

மில்லிபார்: அந்த 130 லிட்டரை யார் ஊத்தினாங்க? யாரும் ஊத்தலை. ரேடார் மட்டத்தைச் சரியாத்தான் சொல்லும், ஆனா இருப்பு கூடிடுச்சுன்னு கணக்கில் ஏறும். எப்படியும் வெப்பநிலை உணரி ஒண்ணு வேணும், உங்க ரேடாருக்கும் சேர்த்துத்தான். செங்குத்து உருளையா இருந்தா அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினா நேரா எடையே கிடைக்கும், அடர்த்தி தேவையே இல்லை. படுக்கைத் தொட்டியில் அந்தச் சலுகை கிடையாது, அதை ஒத்துக்கிறேன்.

ஆழம்பார்ப்பவன்: வென்ட் அடைத்தால்? மேலே 20 மில்லிபார் தேங்கினாலே 24 செ.மீ. டீசல் பொய்யாக ஏறும். அடியில் தண்ணீர் தேங்கினால் அதன் ஒவ்வொரு 5 செ.மீ.யும் 6 செ.மீ. டீசலாகத் தெரியும்.

மில்லிபார்: தண்ணி தேங்கினா ரேடாரும் அதை டீசலோடு சேர்த்துத்தானே அளக்குது? அடைபடுற வென்ட்டுக்கு, மேலேயும் ஒரு டேப்பிங் (அழுத்தம் எடுக்கும் குழாய்) எடுத்து, அடி அழுத்தத்திலிருந்து மேல் அழுத்தத்தைக் கழிச்சு அளக்கும் வித்தியாச அழுத்த டிரான்ஸ்மிட்டர் போடலாம். மேல்குழாயில் ஆவி குளிர்ந்து திரவம் நின்னா அதுவும் பொய் சொல்லும், வடிகால் வால்வு வைக்கணும். திறந்த வென்ட்டுக்கு இதெல்லாம் வேண்டாத செலவு.

கேணி: வெளியேறும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு சென்சாரை மாட்டலாமா? புதுசா துளை போட வேண்டாமே.

ஆழம்பார்ப்பவன்: கூடவே கூடாது. குழாயில் திரவம் 2 மீட்டர்/வினாடி வேகத்தில் ஓடினால் அழுத்தம் 20 செ.மீ. உயரத்துக்குச் சமமாகக் குறையும். பம்ப் ஓடும்போது பாதித் தொட்டியில் 2,000 லிட்டர் காணாமல் போகும், நின்றதும் திரும்பி வரும். உராய்வு இழப்பு தனி.

மில்லிபார்: இதில் அவர் சொல்றதுதான் சரி. மேல்மூடி வழியா இறக்கும் முழுகு சென்சார் போடுங்க, துளையே வேண்டாம். கேபிளும் உறையும் டீசல் தாங்கணும், வெடிப்பாதுகாப்புச் சான்றுள்ள வகையா இருக்கணும். சேற்றில் உட்காராம 10 செ.மீ. மேலே தொங்கவிட்டு, கணக்கில் அந்த 10 செ.மீ.யைக் கூட்டிக்கங்க. அதுக்குக் கீழே இருக்கும் 294 லிட்டரை சென்சார் பார்க்காது. கேபிளுக்குள் ஓடும் சன்னக் காற்றுக்குழாயின் மேல்முனை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் முடியணும். அதில் தண்ணி கோத்துக்கிட்டா வானிலை மாறும்போதெல்லாம் மட்டம் ஆடும்.

கேணி: போட்ட பிறகு சரியா இருக்கான்னு எப்படிப் பார்ப்பது?

ஆழம்பார்ப்பவன்: டிப் ஸ்டிக்கால் (தொட்டிக்குள் இறக்கி மட்டம் பார்க்கும் அளவுகோல்) இரண்டு மட்டத்தில் அளந்து பாருங்கள், ஒன்று 40 செ.மீ. அருகே, இன்னொன்று 160 அருகே. சென்சார் காட்டுவதற்கும் கோலுக்கும் இரண்டிலும் ஒரே மி.மீ. வித்தியாசம் என்றால் சென்சாரின் ஜீரோ (அழுத்தமே இல்லாதபோது காட்டும் அளவு) அல்லது தொங்கும் உயரம் தவறு. மேலே போகப் போக வித்தியாசம் வளர்ந்தால் நீங்கள் போட்ட அடர்த்தியைத் திருத்துங்கள். பம்ப் நின்று அலை அடங்கிய பிறகே அளக்க வேண்டும். ரேடார் போட்டாலும் இந்த வேலை மிச்சமாகாது, அதைச் சொல்லாமல் விட்டால் மில்லிபார் விடமாட்டார்.