புதுப்பிப்பு: நீர்க்கடுப்பு, ரிசல்ட் வந்துடுச்சு

எவ்வளவு தண்ணி குடிச்சும் சிறுநீர் போகும்போது எரியுதுன்னு முன்னாடி கேட்டிருந்தேனே, பாதிப் பேர் கல்லுன்னு அடிச்சுச் சொன்னீங்க. கல் இல்லை. கல்ச்சர்ல (சிறுநீர்ல கிருமி வளருதான்னு லேப்ல பாக்குற டெஸ்ட்) ஈ.கோலை கிருமி. ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறுற குழாய் நீளம், கிருமி சுலபமா ஏறாது. ஏறினா காரணம் தேடணும்னு டாக்டர் புராஸ்டேட்டையும் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்குற சுரப்பி) பரிசோதிச்சார். வீங்கியிருக்கு, தொட்டாலே உயிர் போகுது. அடிவயிறு கனத்தது அதனாலதான்.

உடலுறவால பரவுற கொனோரியா, கிளமிடியா நோய்களோட டெஸ்டுக்கு முதல்ல வர்ற சிறுநீர், கல்ச்சருக்கு நடுவுல வர்றது, தனித்தனி டப்பா. (டாக்டர் உடலுறவு பத்திக் கேட்டா கூச்சப்படாம சொல்லிடுங்க.) கொனோரியா, கிளமிடியா ரெண்டும் நெகட்டிவ்.

ஆன்டிபயாடிக் சில வாரம். எரிச்சல் நின்னாலும் நிறுத்தக்கூடாது. குளிர்காய்ச்சலோ, சிறுநீர் அடைச்சுக்கிட்டாலோ உடனே ஓடி வரச் சொல்லியிருக்காங்க. அடுத்து ஸ்கேன்.