தேயிலைச் சரிவில் ஓநாய்: எழுந்து ஓட எத்தனை கட்டம்?

கோத்தகிரி_டிஎம்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கதையாட்டம், 2024 விதிகள். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். மேப் நம்ம கோத்தகிரித் தேயிலைச் சரிவு, கட்டத்துக்கு 5 அடி. ஸ்பீடு (ஒரு டர்னில், அதாவது தன் முறையில், நகரக்கூடிய அடி) 30 உள்ள ஃபைட்டர், அதாவது போர்வீரர், கீழே விழுந்து ப்ரோனாகக் கிடக்கிறார். மேற்கே ஒட்டியே ஓர் ஓநாய். ஃபைட்டர் எழுந்து, டேஷ் (அந்த முறையில் தாக்காமல் ஸ்பீடு அளவு கூடுதலாக ஓடுவது) போட்டு, கிழக்கே மேட்டில் ஏறி ஓடணும். சரிவுக்கு ஒரு மடங்கு கூடுதல், இடுப்பளவு செடிக்கு இன்னொரு மடங்கு, ஆக கட்டத்துக்கு 15 அடி என்பது என் கணக்கு. பிளேயர்கள் 10தான் என்கிறார்கள். எது சரி?

விதிவரி:
10தாங்க. டிஃபிகல்ட் டெரெய்ன், அதாவது நடக்கக் கடினமான தரை, ஒன்றின்மேல் ஒன்று சேராது. ஒரே கட்டத்தில் நாலு காரணம் இருந்தாலும் அடிக்கு ஓர் அடிதான் கூடுதல். 2024 பட்டியலில் அடர்ந்த செடியும் இருக்கு, 20 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள சரிவும் இருக்கு. இரண்டில் எது இருந்தாலும் விலை ஒன்றே. அந்த இடத்தில் தவழ்ந்தோ, பாறையைப் பிடித்து ஏறியோ போனால்தான் 15 ஆகும்.

கணக்கு இப்படி: ஸ்பீடு 30, டேஷ் 30, மொத்தம் 60. எழுந்திருக்க ஸ்பீடில் பாதி, அதாவது 15. டேஷ் போட்டாலும் ஸ்பீடு 30ஆகவே இருப்பதால் இது 30 ஆகாது. மீதி 45. கட்டத்துக்கு 10 வீதம் 4 கட்டம். கடைசி 5 அடி வீண். கட்டத்துக்குள் நுழைய முழு விலையும் கையில் இருக்கணும்.

சோலைக்காடு:
கணக்கை மறுக்கலை அண்ணா, அதன் விளைவைப் பாருங்க. 20 டிகிரி என்றால் ஒரு கட்டத்துக்கு ஒன்றே முக்கால் அடிக்குச் சற்று மேல் உயரம். மூன்று கட்டத்தில் ஐந்தரை அடி ஏறும். நீலகிரி மேப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். எல்லோரும் டேஷ் இல்லாமல் டர்னுக்கு 3 கட்டம் நகர்ந்தால், 150 அடி சாதாரண ரேஞ்ச் உள்ள லாங்போக்காரரை (நீள வில்லாளியை) யாரும் நெருங்கவே முடியாது. ஏற 10, இறங்க 5 என்று வைப்பதுதான் நியாயம்.

விதிவரி:
சரிவு பற்றிய அந்த விதி வரியில் திசையே கிடையாது. ஏற்றமோ இறக்கமோ 10தான். மழையில் ஊறின செம்மண் சரிவில் இறங்குகிறவர் ஏறுகிறவரை விடக் கவனமாகக் கால் ஊன்றணும், அதனால் எனக்கு இது உறுத்தவே இல்லை.

நீங்க சொல்ற சிக்கலுக்கு மருந்து மேப்பிலேயே இருக்கு. எஸ்டேட்டில் சரிவை வெட்டிச் சமமாக்கின நடைபாதை இருக்குமே, அதை வரையுங்க. செடியும் இல்லை, 20 டிகிரியும் இல்லை, கட்டத்துக்கு 5 அடி. செடி வரிசைக்கு நடுவே இலை பறிக்கிறவங்க நுழையும் இடுக்கைப் பாதையாகக் கணக்கிடாதீங்க. தன்னைவிட ஓர் அளவு சிறியவர் போகும் குறுகல் வழியும் அதே பட்டியலில் இருக்கு.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? மேட்டில் 4 கட்டம் ஓடினால், ஸ்பீடு 40 உள்ள ஓநாயும் அதே சரிவில் 4 கட்டம் வந்து ஒட்டி நின்று கடிக்கும். டேஷ் வீண். அதே ஆள் பாதையில் ஓடினால் 45 அடிக்கு 9 கட்டம். ஓநாய் 8 கட்டம்தான் வரும். இடையில் ஒரு கட்டம் காலி, அதன் ரீச் (கடி எட்டும் தூரம்) 5 அடி, எட்டாது.

கோத்தகிரி_டிஎம்:
சரி, 10ஐ ஏற்கிறேன். ஆனா ரீச்சை விட்டு வெளியேறும்போது ஓநாய்க்கு ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகுகிறவரை உடனே ஒரு முறை தாக்குவது) உண்டே. கடி பட்டால் மறுபடி ப்ரோன். எடுத்து வைத்த அந்த அடியின் விலையும் போகும்தானே?

விதிவரி:
போகாது. ரீச்சை விடுவதற்குச் சற்று முன்னால் அந்தத் தாக்குதல் நடக்கும். ஆள் பழைய கட்டத்திலேயே விழுவார், 45 அப்படியே இருக்கும். எழ 15, மீதி 30. பாதையில் 6 கட்டம், மேட்டில் 3. இரண்டிலும் ஓநாய் பிடித்துவிடும். அந்த ஓநாயின் ரியாக்ஷன் (மற்றவர் முறையில் செய்யக்கூடிய ஒரே பதில் செயல்) தீர்ந்துவிட்டதால் இரண்டாவது முறை வெளியேறும்போது அது கடிக்காது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் அதற்குத் தனி ரியாக்ஷன். ஏசி (கடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 16க்கு எதிராக, 20 பக்கப் பகடையோடு ஓநாயின் +4ஐக் கூட்டினால் படுவது 45 சதவீதம். கூட்டாளி ஓநாய் ஃபைட்டரை ஒட்டி நின்றால் அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) வந்து கிட்டத்தட்ட 70. ஓடலாமா, நின்று அடிக்கலாமா என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு பண்ணுங்க.

சோலைக்காடு:
மூடுபனியை விட்டுட்டீங்க. ஆப்பர்சூனிட்டி அட்டாக்குக்கு எதிரியைக் கண்ணால் பார்க்க முடியணும். மேகம் இறங்கி ஹெவிலி அப்ஸ்க்யூர்டு (உள்ளே எதுவும் தெரியாத மறைவு) ஆகிவிட்டால் ஓநாய்க்கு அந்தக் கடி கிடையாது. மோப்பம் பிடிப்பது பார்ப்பதாகாது, டார்க்விஷனும் (இருட்டில் பார்க்கும் திறன்) பனியை ஊடுருவாது. லேசான பனி என்றால் மட்டும் கடிக்கலாம். எந்தக் கட்டங்களில் எந்தப் பனி என்று போர் தொடங்கும் முன்பே டிஎம் குறிக்கணும். கடிக்கிற நேரத்தில் சொன்னால் சண்டைதான் வரும்.

இன்னொன்று, மூலைவிட்டமாகப் போனால் சில்வர் ஓக் மரத்தின் மூலையை வெட்டிப் போகலாமா?

விதிவரி:
கட்டத்தை நிரப்பும் சுவர், பெரிய மரம் இவற்றின் மூலையைத்தான் வெட்டக் கூடாது. சில்வர் ஓக் அடிமரம் ஒன்றிரண்டு அடி பருமன், 5 அடிக் கட்டத்தை நிரப்பாது, போகலாம். கருங்கல் தடுப்புச் சுவர் என்றால் கூடாது.

சோலைக்காடு:
மரமும் சுவரும் சரி. இறக்கத்துக்கு 10 என்பதை மட்டும் நான் ஏற்கலை. என் மேஜையில் காய்ந்த சரிவில் இறங்க 5, நனைந்ததில் 10, ஓநாய்க்கும் அதேதான்.

கோத்தகிரி_டிஎம்:
நான் புத்தகப்படி இரண்டுக்கும் 10 வைக்கிறேன். மேப்பில் பாதையைப் பச்சையிலும் 20 டிகிரிக் கட்டங்களைச் சிவப்பிலும் பனியைச் சாம்பலிலும் போட்டு, இன்று இரவே பிளேயர்களுக்கு அனுப்பிடறேன்.