ஷன்ட் வைத்த பிறகு வயிற்றில் நடந்த விசித்திரங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

குட்டிப்பையன் அம்மா:
என் பையனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தலையில் நீர் கோத்து வி.பி. ஷன்ட் வைத்தார்கள், அதாவது மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடிக்கும் மெல்லிய ட்யூப். ஒன்றரை வயதில் ஒரு காலை டயப்பர் மாற்றும்போது ஆசனவாயில் நூடுல்ஸ் மாதிரி வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. மாமியார் பூச்சி என்றார். பூச்சியின் நுனியில் தண்ணீர் சொட்டுமா? காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அவன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான். ட்யூபின் கீழ்முனை குடலைத் துளைத்து இறங்கியிருக்கிறது, அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு என்றார் சர்ஜன். நாங்கள் யாரும் பிடித்து இழுக்காததே நல்லதாம். ஆன்டிபயாடிக் ஏற்றி, வயிற்றுப்பக்கம் சின்னதாகக் கீறி ட்யூபை வெட்டி, குடலில் இருந்த துண்டைக் கீழ்வழியாகவே எடுத்தார்கள். மேல்பக்கமாக உருவினால் குடல் கிருமி வழியெல்லாம் பரவிவிடும். ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது. மூளைநீர் வெளியே பையில் வடிய ட்ரெயின் (வடிகுழாய்) வைத்து, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கிருமி இல்லை என்று வந்த பிறகுதான் மறுபக்கம் புது ஷன்ட்.

வார்டு நர்ஸ்:
நான் பார்த்தது வேறு. பச்சிளம் ஆண் குழந்தைக்கு விதைப்பை வீங்கி, ஹெர்னியா என்றுதான் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயில் ட்யூப் அங்கே சுருண்டு கிடந்தது. அந்த வயதில் வயிற்றிலிருந்து விதைப்பைக்குப் போகும் வழி சிலருக்கு மூடியிருக்காது. ட்யூபை உள்ளே தள்ளி வழியை மூடித் தைத்தார்கள், அவ்வளவுதான்.

தம்பிக்காக:
தம்பிக்கு வயிறு உப்பியது, கேஸ் என்று மாத்திரை தின்றே நாளைக் கடத்தினான். அப்புறம் தலைவலி திரும்பியது. அல்ட்ராசவுண்டில் பார்த்தால் ட்யூப் நுனியைச் சுற்றிப் பை கட்டி மூளைநீர் தேங்கியிருக்கிறது. இதற்குப் பின்னால் பெரும்பாலும் சத்தமில்லாத தொற்று ஒன்று இருக்குமாம், அதைச் சரிசெய்துவிட்டு ட்யூபை இதயத்துக்கு மாற்றினார்கள். இப்போது அவ்வப்போது சிறுநீர் டெஸ்டும் எடுக்கிறோம், இதயத்தில் வைத்த ஷன்டில் தொற்று நீடித்தால் சிறுநீரகம் கெடக்கூடும். ஷன்ட் வைத்தவர்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் முதலில் நியூரோ சர்ஜனிடம் காட்டுங்கள். @குட்டிப்பையன் அம்மா, ட்ரெயின் இருந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்?

குட்டிப்பையன் அம்மா:
அதுதான் பெரும்பாடு. ட்ரெயின் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதைக் குழந்தையின் காது மட்டத்தை வைத்து அளக்கிறார்கள். க்ளாம்ப் போட்டு ட்யூபை அடைக்காமல் குழந்தையைத் தூக்கினால் நீர் மளமளவென்று வடிந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் நர்ஸைக் கூப்பிடவேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆசையாகத் தூக்கிவிடுவார்களே என்று ‘தூக்காதீர்கள்’ எனக் கட்டில் தலைமாட்டில் எழுதியே ஒட்டிவிட்டேன். பெரியப்பா கோபித்துக்கொண்டார், போகட்டும்.