மைல்ஸில் கிளிமஞ்சாரோ: டிக்கெட்டில் மிச்சமானதை மலையில் செலவழியுங்கள்

சென்னையிலிருந்து:

தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலைக்குப் போய்வந்த அனுபவத்தை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். மலையைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நானும் என் மனைவியும் கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்ட்டுகளை வைத்து டிக்கெட் எடுத்துப் போனோம். அந்தத் திட்டமிடலைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

மைல்ஸ் என்பது விமான நிறுவனத்தின் கணக்கில் சேரும் பாயிண்ட்; அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். மைல்ஸ் சேர்ப்பவர்களிடம் யோசனை கேட்டால், பிசினஸ் கிளாஸுக்குச் செலவழியுங்கள், அதில்தான் மதிப்பு அதிகம் என்பார்கள். ஒரு மைலுக்கு எத்தனை பைசா கிடைத்தது என்று பார்த்தால் அது சரிதான். ஆனால் மலையேறப் போகிறவர்களுக்கு நான் வேறு கணக்கு சொல்வேன். எகானமியில் போங்கள், குறைந்த மைல்ஸிலேயே டிக்கெட் முடிந்துவிடும். டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தில் மலையில் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக இருங்கள்.

காரணம் இருக்கிறது. கிளிமஞ்சாரோவில் தேசியப் பூங்காக் கட்டணம் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர். கூடாரத்தில் தங்க ஓர் இரவுக்கு 50 டாலர். இதற்கு மேல் 18 சதவீத வரி. கைடு இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. கைடு, சமையல்காரர், போர்ட்டர்கள் எல்லோருடைய சம்பளமும் தனி. ஆக, ஒவ்வொரு நாளும் விலை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் விலை குறைவான பேக்கேஜ் எல்லாம் ஐந்து நாள், ஆறு நாள் என்று சுருங்கிவிடுகிறது. அந்த நாட்களுக்குள் கால் ஏறிவிடும், உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்காது. பாதியில் திரும்பி வருகிறவர்களில் பலருக்குக் காலில் பலம் இல்லாமல் இல்லை. தலைவலியும் வாந்தியும்தான் திருப்பி அனுப்புகின்றன.

நம் ஊர்க்காரர்கள் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கிளிமஞ்சாரோ ஏறும் பாதைகளில் ஒன்றான மச்சாமே வழியில் போனால் முதல் நாள் இரவு தங்கும் முகாமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறிப் பழகினால் காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் காற்றில் ஆக்சிஜன் குறையும்போது நம் உடம்பு என்ன செய்யும் என்பதை இங்கே எந்த மலையிலும் தெரிந்துகொள்ள முடியாது. அதைத் தெரிந்துகொள்ள நாட்கள்தான் வேண்டும்.

நாங்கள் எடுத்தது மச்சாமே வழி, ஏழு நாள் திட்டம். அதில் மூன்றாம் நாள்தான் முக்கியம் என்பது என் எண்ணம். ஷீரா முகாமிலிருந்து கிளம்பி, சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் வரை ஏறி, அங்கேயே மதியம் சாப்பிட்டுவிட்டு, 4,000 மீட்டருக்குக் கீழே இருக்கும் பராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்க வேண்டும். உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கித் தூங்கினால் உடம்பு பழகும். லாவா டவரில் எனக்கு மண்டை பிளந்தது, சோறே இறங்கவில்லை. பராங்கோவுக்கு வந்து சேர்ந்ததும் பசித்தது! மறுநாள் பராங்கோ சுவர் என்னும் செங்குத்தான பாறைச் சரிவில் கையையும் காலையும் ஊன்றி ஏறி, கரங்கா முகாமோடு அன்றைய நடையை முடித்துக்கொண்டோம். ஆறு நாள் திட்டத்தில் வருகிறவர்கள் அங்கே நிற்காமல் அப்படியே பராஃபு முகாமுக்குப் போய்விட்டு, அன்று நள்ளிரவே சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும். எங்களுக்குக் கிடைத்த அந்தக் கரங்கா இரவு முழுக்க முழுக்க டிக்கெட்டில் மிச்சமான பணம். பராஃபுவிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கி, எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா பாயிண்ட் தாண்டி, 5,895 மீட்டரில் உஹுரு சிகரத்தில் இருவரும் சேர்ந்து நின்றோம். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான்.

சரி, டிக்கெட் விஷயம். கார்டு பாயிண்ட்டை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. எனவே முதலில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். நாங்கள் கிரிஸ்ஃபிளையர் என்ற மைல்ஸ் திட்டத்துக்கு மாற்றினோம். பெயர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடையது என்றாலும், அந்த மைல்ஸைக் கொண்டு ஸ்டார் அலையன்ஸில் இருக்கும் மற்ற நிறுவனங்களிலும் பறக்கலாம். எத்தியோப்பியனும் ஏர் இந்தியாவும் அந்தக் கூட்டணியில்தான் இருக்கின்றன. மும்பையிலிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, அங்கிருந்து கிளிமஞ்சாரோ விமான நிலையம். அது மோஷிக்கும் அருஷாவுக்கும் நடுவில் இருக்கிறது; இறங்கினால் மலைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். சென்னை – மும்பைப் பயணத்தையும் அதே டிக்கெட்டில் சேர்த்துக்கொண்டோம். தனியாக எடுத்தால் கொஞ்சம் மலிவு போலத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இன்னொன்று, மைல்ஸ் டிக்கெட் என்றாலும் விமான நிலைய வரிகளைப் பணமாகக் கட்டத்தான் வேண்டும்.

மைல்ஸ் டிக்கெட்டின் உண்மையான பலம் எங்களுக்குப் புறப்படும் முன்பே தெரிந்தது. முதலில் செப்டம்பரில்தான் போவதாக இருந்தோம். பயிற்சிக்குப் போன பர்வதமலையில் இறங்கும்போது மனைவிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. டாக்டர் ஆறு வாரம் ஓய்வு சொல்லிவிட்டார். மலிவு விலையில் எடுத்த சாதாரண டிக்கெட்டாக இருந்தால் பணம் போனதுதான். மைல்ஸ் டிக்கெட்டுக்குச் சிறு கட்டணம் கட்டி ரத்து செய்தோம், மைல்ஸ் கணக்குக்குத் திரும்பிவிட்டது. ஜனவரியில் இருக்கை தேடி மறுபடி எடுத்தோம். கிளிமஞ்சாரோவுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு நல்ல காலம், ஜனவரி, பிப்ரவரி இன்னொன்று. மார்ச் பாதிக்கு மேல் மே வரை கனமழை. இரண்டு பருவம் இருப்பதால் தள்ளிவைப்பதும் எளிது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். இந்திய அரசு மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று வைத்திருக்கும் பட்டியலில் எத்தியோப்பியாவும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அடிஸ் அபாபாவில் சில மணி நேரம்தானே இருக்கப்போகிறோம் என்று நினைக்கலாம். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு ஓர் இரவு தங்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

அண்ணா, மைல்ஸ் டிக்கெட்டின் தேதியைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதை நானும் நியூசிலாந்தில் கண்கூடாகப் பார்த்தேன். மில்ஃபோர்ட் ட்ராக் நடக்கப் போயிருந்தோம், நண்பர்கள் நான்கு பேர். 53.5 கிலோமீட்டர், நான்கு நாள், மூன்று இரவு. சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் முடியும். ஒரே திசையில்தான் நடக்க முடியும். கிளின்டன், மின்டாரோ, டம்ப்ளிங் என்று மூன்று குடில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே இரவு, கூடாரம் போட அனுமதி இல்லை. சொந்தமாக நடக்கிறவர்களில் ஒரு நாளைக்கு 40 பேர்தான் கிளம்பலாம். ஆகவே குடில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே நல்ல தேதிகள் தீர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், கிரிஸ்ஃபிளையரில் 355 நாளுக்கு முன்பே இருக்கை திறந்துவிடும். குடில் முன்பதிவு அதற்கு மாதக்கணக்கில் பிந்தித்தான் திறக்கும். குடில் கிடைத்த பிறகு டிக்கெட் தேடினால் மைல்ஸ் குறைவாகக் கேட்கும் சேவர் இருக்கைகள் போயிருக்கும், அதுவும் நான்கு பேருக்கு. நாங்கள் மார்ச் மாதத்தில் ஒரு தேதியைக் குறிவைத்து, கிரைஸ்ட்சர்ச்சுக்கு இரண்டு இரண்டு பேராக முன்கூட்டியே எடுத்துவைத்தோம். குடில் அதற்குச் சில நாள் தள்ளிக் கிடைத்தது. டிக்கெட்டைத்தான் குடிலுக்கு ஏற்றபடி நகர்த்தினோம். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் இதை முயலாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து சேவர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்தப் பக்கம் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். மின்டாரோவில் எங்களை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை, பாதையில் நீர்மட்டம் இறங்கட்டும் என்று ரேஞ்சர் எல்லோரையும் நிறுத்திவைத்தார். மெக்கினன் கணவாயைக் கடக்கும்போது எதிரில் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த மழையால்தான் மலைச்சரிவு முழுக்க அருவியாக இறங்கியது. 580 மீட்டர் உயரமுள்ள சதர்லண்ட் அருவியை அப்படிப் பெருக்கெடுத்த கோலத்தில் பார்த்ததை நான் பெரும் பேறாக நினைக்கிறேன். 2020 பிப்ரவரி வெள்ளத்தில் இந்தப் பகுதியில் நடந்துகொண்டிருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. எனவே நடை முடிந்த மறுநாளே விமானம் வைக்காதீர்கள்.

அப்புறம், நியூசிலாந்தில் இறங்கும்போது மலையேற்றக் காலணியைப் பற்றி அறிவிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் அங்கேயே எடுத்துச் சுத்தம் செய்வார்கள். வீட்டிலேயே பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்துக் காயவைத்து எடுத்துப் போங்கள். இட்லிப் பொடி, ஊறுகாய் எதுவானாலும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

கோலாலம்பூரிலிருந்து:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லா மலைக்கும் பாயிண்ட் தேவையில்லை. சபாவில் இருக்கும் கினபாலு மலைக்கு நாங்கள் போனபோது கோத்தா கினபாலு வரை இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு மலிவு விமானத்தில் காசு கொடுத்தே போய்விட்டோம். பாயிண்ட்டைத் தூரப் பயணத்துக்கு வைத்துக்கொண்டோம். என் மகளுக்கு நேப்பாளம் போக ஆசை. கினபாலுவில் பணம் போவது மேலே படுக்கைக்குத்தான். 4,095 மீட்டர் மலை, டிம்போஹோன் வாசலிலிருந்து ஏறி, சுமார் 3,270 மீட்டரில் பனலாபானில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். படுக்கை எண்ணிக்கையை ஒட்டித்தான் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதே. முதலில் படுக்கை, பிறகு விமானம். மலேசியத் தீபகற்பத்திலிருந்து போகிற மலேசியர்களும் சபாவில் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும், அடையாள அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

சென்னை சாரிடம் ஒரு கேள்வி. காப்பீடு எப்படி எடுத்தீர்கள்? போர்ட்டர்களுக்கு நியாயமான கூலி போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீண்டும் சென்னையிலிருந்து:

நீங்கள் சொல்வது சரி மேடம், குறைந்த தூரத்துக்குப் பாயிண்ட் வீண்தான்.

காப்பீட்டில் உயர வரம்பைப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடந்ததற்குப் பணம் தராது. 6,000 மீட்டர் வரை என்று எழுத்தில் இருப்பதை, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்து, நாங்கள் தேடி எடுத்தோம். கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்பினால், டிக்கெட்டை அந்தக் கார்டில் பணமாக வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். மைல்ஸ் டிக்கெட் அதில் அடிபட்டுப் போகும். கேட்டுக்கொண்டு போங்கள்.

போர்ட்டர்கள் விஷயத்தில் என் மனம் மிகவும் உறுத்தலாக இருந்தது. ஒவ்வொருவரும் தலையிலும் தோளிலுமாகச் சுமப்பதற்கு 20 கிலோ என்று வரம்பு இருக்கிறது, பூங்கா வாசலில் எடையும் போடுகிறார்கள். அப்படி இருந்தும் மலிவு பேக்கேஜில் முதலில் அடிபடுவது அவர்களுடைய சாப்பாடும் கூலியும்தான். போர்ட்டர்களின் நலனைக் கண்காணிக்கும் கேப்பேப் என்ற அமைப்பு மோஷியில் இருக்கிறது. அதன் கூட்டாளிப் பட்டியலில் உள்ள நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். விலை கூடுதல்தான், அதையும் டிக்கெட்டில் மிச்சமானதிலிருந்தே கொடுத்தோம். கடைசி நாள் டிப்ஸை ஒவ்வொருவர் கையிலும் நேரடியாகக் கொடுங்கள். அதற்குச் சில்லறை டாலர் நோட்டுகளை இங்கேயே மாற்றி எடுத்துப் போக வேண்டும். 2006க்கு முந்தைய நோட்டுகளையும் கிழிந்தவற்றையும் அங்கே பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.