வீட்டிலேயே செய்த எல்இடி விளக்குப் பலகை: பட்டுச் சேலையின் நிறம் மாறுவதும் படத்தில் கோடுகள் விழுவதும்

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

வணக்கம். கடைவீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றை வாடகைக்கு எடுத்து, சேலை, நகை, நாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ் ஆகியவற்றுக்குப் படமெடுத்து வருகிறேன். ஆயத்த விளக்குகள் என் கைக்கு எட்டாததால், இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட் பலகையில் 5 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப்பை வரிசை வரிசையாக ஒட்டி, முன்னால் வெள்ளைக் குளியலறைத் திரையைக் கட்டி, விளக்கொன்றை நானே செய்தேன். ஸ்ட்ரிப் 12 வோல்ட், மீட்டருக்கு 14.4 வாட், அதற்கு 60 வாட் மின்வழங்கியும் மலிவான டிம்மர் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் அரக்குச் சிவப்புப் பட்டு பழுப்பாகத் தெரிகிறது. முகத்தில் பச்சை படர்கிறது. ஷட்டரை 1/200இல் வைத்தால் படத்தின் குறுக்கே கருமையான கோடுகள் விழுகின்றன. கேமராவின் வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, எவ்வளவு திருத்தியும் சேலையின் நிறம் மட்டும் திரும்பவில்லை. பிழை கேமராவிலா, விளக்கிலா?

மறுமொழி (பட்டர்வொர்த், மின்பணியாளர்)

தம்பி, நிறத்தைப் பற்றிப் படமெடுப்பவர்கள் சொல்லட்டும். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். அதை 60 வாட் மின்வழங்கியில் மாட்டியிருக்கிறீர்கள். டிம்மரைக் குறைத்து வைத்திருந்ததால்தான் அது இதுவரை தாங்கியிருக்கிறது. முழு வெளிச்சத்தில் ஒரு பிற்பகல் ஓடினால் சூடேறி நின்றுவிடும், அல்லது அதைவிட மோசமாகும். 100 வாட் அளவுள்ள, சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை கொண்ட மின்வழங்கியாகப் பார்த்து வாங்குங்கள். துளையிட்ட உலோகப் பெட்டியாக வருபவற்றில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும். அதை அப்படியே பலகையின் பின்னால் தொங்கவிடாமல் மூடிய பெட்டிக்குள் வைத்து, காற்றுப்போக வழிவிட்டு, நில இணைப்புக் கம்பியைக் கட்டாயம் முடுக்குங்கள். விளக்கு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு என்பதால், மெல்லிய கம்பி போட்டிருந்தால் மூன்று ஊசிப் பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூசை எடுத்துவிட்டு 3 ஆம்பியரைப் போடுவதே முறை.

ஸ்ட்ரிப்பின் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்திருந்தால் மறுமுனை மங்கலாக எரியும். இரு முனையிலும் கொடுத்துவிடுங்கள். பிளைவுட் சூட்டை வாங்காது. ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் அலுமினியப் பட்டை ஒட்டினால் எல்இடியின் ஆயுள் கூடும்.

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

உங்கள் கேமராவில் பிழையில்லை. கோடுகளுக்குக் காரணம் அநேகமாக டிம்மர்தான். மலிவான டிம்மர் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, விளக்கை நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து அணைத்து எரிக்கிறது. கண்ணுக்கு அது மங்கலாகப் படும். ஷட்டரோ அணைந்த கணங்களையும் சேர்த்துப் பிடித்துவிடும், ஓசையற்ற மின்னணு ஷட்டரில் இது இன்னும் மோசம். டிம்மரைக் கழற்றிவிட்டு, புதிய மின்வழங்கியை மாட்டிய பின் முழு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் சிக்கல் தீர்ந்தது. பிறகு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் விளக்கைத் தள்ளி வையுங்கள். தொலைவை இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும். ஆனால் தள்ளத் தள்ள நிழலின் விளிம்பு கடினமாகும் என்பதால், முகத்துக்குத் திரையில் இன்னொரு மடிப்புத் துணி போட்டுக் குறைப்பதையே நான் விரும்புவேன்.

நிறம் வேறு கதை. ஒரு விளக்கின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண் சிஆர்ஐ. ஸ்ட்ரிப் உறையில் சிஆர்ஐ 80 என்று போட்டிருந்தால், அல்லது எதுவுமே போடாமல் இருந்தால், அதை வீட்டு அலமாரிக்குத் திருப்பிவிடுங்கள். 95க்கு மேற்பட்டதாக வாங்குங்கள், அதிலும் ஆர்9 எண்ணைத் தனியாகக் கேளுங்கள். சிஆர்ஐ என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அந்தக் கணக்கில் வருவதே இல்லை. குங்குமச் சிவப்பும் நம் தோலின் செம்மையும் அங்கேதான் இருக்கின்றன. ஒளியில் இல்லாத சிவப்பை வெள்ளைச் சமநிலையால் உண்டாக்க முடியாது. பெட்டியிலும் திரையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். எல்இடியில் மட்டும் பிடிக்காதீர்கள். ஜாலான் பாசாரில் உள்ள மின்னணுக் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குவது என் வழக்கம்.

இன்னொன்று: உங்கள் விளக்கை அணைத்துவிட்டு, அறையை அப்படியே வைத்து, கேமராவின் அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கருப்பாக வராவிட்டால் கூரைக் குழல்விளக்கோ சன்னலோ பச்சையைக் கலக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கருப்புப் படச் சோதனையில் குழல்விளக்கு மாட்டிக்கொண்டது. அதை அணைத்ததும் முகத்தின் பச்சை பாதிக்கும் மேல் போய்விட்டது. 100 வாட் மின்வழங்கி, இருமுனை இணைப்பு, 3 ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம் முடிந்தன, டிம்மர் போயிற்று, கோடும் போயிற்று. ஆர்9 எண் 90க்கு மேற்பட்ட ஸ்ட்ரிப் ஒன்றை வாங்கி ஒட்டிய பிறகு, அரக்குப் பட்டு அரக்காகவே வந்தது. ஒன்றே மிச்சம்: தங்க வளையலில் எல்இடிப் புள்ளிகள் மணிமணியாகப் பிரதிபலிக்கின்றன.

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

திரை ஸ்ட்ரிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. வரிசைகளுக்கு இடையேயுள்ள இடைவெளியைப் போல் இரண்டு மடங்காவது முன்னே தள்ளுங்கள். பெட்டியின் ஆழம் கூடும், பரவாயில்லை, உட்சுவரில் வெள்ளைக் காகிதம் ஒட்டினால் இழந்த ஒளியில் ஓரளவு திரும்பும். குளியலறைத் திரை நாளடைவில் மஞ்சளடிக்கும் என்பதால், லிட்டில் இந்தியாத் துணிக்கடைகளில் அசல் வெள்ளைப் பருத்தியை இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். துணியைக் கையில் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் அடித்தால் வேண்டாம், அது வெளுப்பேற்றிய துணி, தங்கத்தைக் கெடுத்துவிடும்.