மூன்று முன்னோட்டங்கள்: நம் ஊர் வாசகர்கள் கண்டதும் ஊகித்ததும்

நாகர்கோவிலிலிருந்து, வாசகர் வட்ட ஒருங்கிணைப்பாளர்:

வரவிருக்கும் ஒரு மர்ம நாவலுக்காகப் பதிப்பகம் ஒவ்வொன்றாக வெளியிட்டுவரும், ஒரு படமும் ஒரு வரியும் கொண்ட முன்னோட்டங்களில் மூன்றாவதும் வெளிவந்துவிட்டது. கதைக்களம் கன்னியாகுமரி மாவட்டம் என்பதைத் தவிர வேறெதையும் ஆசிரியர் சொல்லவில்லை. சென்னையிலும் கோவையிலும் உள்ள ரசிகர்கள் பெரிய பெரிய கோட்பாடுகளைக் கட்டியெழுப்பிக்கொண்டிருக்கும்போது, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நாம் அந்தப் படங்களை எவ்வாறு எதிர்கொண்டோம் என்பதைப் பதிவு செய்வது பயனுடையதாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

நினைவூட்டலுக்காகச் சொல்கிறேன். முதலாவது, மேசைமேல் கிடக்கும் ஒரு பழைய கடிதமும் சங்கு முத்திரை கொண்ட தபால்தலை ஒட்டிய உறையும். கடிதத்தின் தலைப்பில் ‘கொல்லம் 1129 ஐப்பசி 3’ என்று, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில், எழுதப்பட்டிருக்கிறது, அதே வரி படத்தின் கீழும் அச்சிடப்பட்டுள்ளது. இரண்டாவது, துறைமுகத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட விசைப்படகுகளும் கடலிலிருந்து எழும் சூரியனும், ‘படகுகள் கடலுக்குப் போகாத காலை’ என்ற வரியும். மூன்றாவது, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்களும், ‘தண்ணீர் அவனுக்கு முன்னே பாலத்தைக் கடந்தது’ என்ற வரியும்.

என் தரப்பில் ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன். துப்பறியும் கதைக்கு ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை உடனே வாசகர் முன்னும் வைத்துவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்த நேர்மை நாவலைக் கட்டுப்படுத்துமேயன்றி விளம்பரத்தைக் கட்டுப்படுத்தாது. முன்னோட்டப் படத்தை அமைப்பவர் வடிவமைப்பாளர். அவர் கையெழுத்துப் பிரதியை முழுவதும் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. வார இதழ்த் தொடர்கதைக் காலத்திலும், ஓவியர் வரைந்த முகத்தைப் பார்த்தே கொலையாளி இவன்தான் என்று சாதித்தவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு துப்பையும் எடைபோடும் முன், இது ஆசிரியரின் கையிலிருந்து வந்ததா, வடிவமைப்பாளரின் கையிலிருந்து வந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வரிகள் ஆசிரியருடையவை என்று பதிப்பகமே அறிவித்திருக்கிறது. படங்களைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

தக்கலையிலிருந்து, பத்திர எழுத்தர்:

ஒருங்கிணைப்பாளர் அண்ணாச்சி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். முதல் முன்னோட்டம் வெளிவந்த அன்று மாலை என் அலுவலகத்துக்கு மூன்று கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். பாகப்பிரிவினைக்கோ விலைப்பத்திரத்துக்கோ வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கைப்பேசியை நீட்டி, “ஐயா, இந்தத் தேதியை இங்கிலீஷ் தேதியாக்கிச் சொல்லுங்கள்” என்றார்கள். இத்தனை ஆண்டுத் தொழிலில் ஒரு கதைக்காகக் கொல்லம் ஆண்டைக் கணக்கிடச் சொல்லி யாரும் வந்ததில்லை.

அவர்கள் ஏற்கெனவே 825-ஐக் கூட்டி, 1954 என்று விடை கண்டிருந்தார்கள். 1954 என்றதும் நம் மாவட்டத்தவர் மனம் எங்கே செல்லும் என்று சொல்லத் தேவையில்லை; அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தாய்த் தமிழகத்துடன் இணையக் கோரிப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘ஐப்பசி என்றால் அக்டோபர், ஆகவே துப்பாக்கிச் சூட்டில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவன் இரண்டு மாதம் கழித்து எழுதிய கடிதம் இது’ என்ற கோட்பாடு அதற்குள் பல ஊர்களுக்குப் பரவியிருந்தது. கேட்பதற்குச் சுவையான கதைதான், கணக்குத்தான் உதைக்கிறது.

கொல்லம் ஆண்டு நம் பகுதியில் ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. எனவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை உள்ள தேதிகளுக்கு 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை உள்ள தேதிகளுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1200 பிறந்தது 2024 ஆகஸ்டில் என்பதை வைத்து எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கின்படி 1129 ஐப்பசி 3 என்பது 1953 அக்டோபரின் பிற்பகுதி. துப்பாக்கிச் சூடு நடந்த நாளோ அதே 1129-இன் ஆடி மாதக் கடைசியில் வருகிறது. அதாவது இரண்டும் ஒரே கொல்லம் ஆண்டுக்குள் அடங்குகின்றன. ஆனால் கடிதம் முந்தியது, சூடு பிந்தியது. இறந்தவன் எழுதிய கடிதம் என்ற கோட்பாடு அத்துடன் விழுந்தது. மாணவர்களின் முகம் வாடிவிட்டதைக் கண்டு எனக்கே சற்று வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் சுவையான பகுதி தொடங்கியது. அவர்களில் ஒருவர் தபால்தலைகள் சேகரிப்பவர். சங்கு முத்திரையிட்ட தபால்தலைகள் திருவிதாங்கூர் அரசின் சொந்த அஞ்சல் சேவைக்குரியவை, 1888 முதல் வெளிவந்தவை. அந்தச் சேவை 1951-இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் 1953-இல் எழுதிய கடிதத்தின் உறையில் சங்கு எப்படி வந்தது என்று அவர் கேட்டார். மூன்று விடைகள் சாத்தியம். கடிதம் போலியானது, அல்லது பழைய உறைக்குள் பிறகு எவரோ புதிய கடிதத்தை வைத்திருக்கிறார், அல்லது வடிவமைப்பாளர் பழமை தோன்றட்டும் என்று கிடைத்த உறையை எடுத்து வைத்திருக்கிறார்.

நான் மூன்றாவதன் பக்கமே சாய்கிறேன். தேதி ஆசிரியரின் வரியில் இருக்கிறது, தபால்தலையைப் பற்றி எந்த வரியும் இல்லை, உறையின் மேல் விழுந்திருக்க வேண்டிய அஞ்சல் முத்திரையும் படத்தில் தெரியவில்லை. ஆயினும், பழைய ஆவணங்களில் தேதிக்கும் முத்திரைத்தாளுக்கும் பொருந்தாத இடத்தில்தான் மோசடி தலைகாட்டும் என்பதைத் தொழில்முறையில் அறிந்தவன் என்ற வகையில், முதல் விடையை முற்றிலும் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

பத்திர எழுத்தர் ஐயாவின் விளக்கத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். என் பாட்டி அந்தப் போராட்டக் காலத்தைச் சிறுமியாக இருந்து கண்டவர். 1954 என்ற கோட்பாடு பரவியபோது அவர் சொன்னது இதுதான்: “செத்தவங்கள வச்சு வெளையாட்டு காட்டப்பிடாது.” கடிதம் அதற்கு முந்தையது என்று அறிந்ததும் அவருக்கு நிம்மதி. எனக்கோ ஆவல் கூடிவிட்டது; 1953 அக்டோபரில், 1956 நவம்பர் 1 அன்று நடந்த இணைப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இன்னும் எதுவும் முடிவாகாத அந்த நேரத்தில் ஒருவர் யாருக்கு எதைத் தெரிவிக்க விரும்பியிருப்பார் என்பதே நான் நாவலில் முதலில் தேடப்போவது.

குளச்சலிலிருந்து, பள்ளி ஆசிரியை:

இரண்டாவது முன்னோட்டத்தைப் பற்றி எழுத வேண்டியது என் பொறுப்பு என்று பலரும் கருதுகிறீர்கள் போலும். அதை நான் வகுப்பு இடைவேளையில் ஆசிரியர் அறையில் பார்த்தேன். உடனிருந்த வெளியூர் ஆசிரியர்கள் “உங்கள் துறைமுகம்தானே?” என்றார்கள். நம் கரை தென்மேற்கு நோக்கியது. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் தென்னந்தோப்பின் பக்கம் எழுந்து கடலில் இறங்கும். படத்தில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. எனவே அது குளச்சலாகவோ தேங்காய்ப்பட்டணமாகவோ இருக்க முடியாது. நம் மாவட்டத்துக்குள் என்றால் கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

‘படகுகள் கடலுக்குப் போகாத காலை’ என்பதற்கு மூன்று வகையாகப் பொருள் கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றனர் சிலர். நம் கடற்கரைக் கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தை அறிந்தவர்கள் அவர்கள். மீன்பிடித் தடைக்காலம் என்றனர் வேறு சிலர். இன்னும் சிலர், இது 2017 நவம்பர் 30-ஐக் குறிப்பதாக, ஒக்கிப் புயலைக் குறிப்பதாக, மிகுந்த உற்சாகத்துடன் எழுதியிருந்தார்கள். அந்த உற்சாகம் எனக்கு உவப்பாக இல்லை. மேலும் அது பொருந்தவும் பொருந்தாது: ஒக்கியின் துயரமே படகுகள் கடலுக்குப் போயிருந்ததுதான். என் வகுப்பில் தந்தை திரும்பாத பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆசிரியர் அதை எழுதுவாரானால் எழுதட்டும். அதைப் புதிர்ப்போட்டியின் விடையாக நாம் ஆக்க வேண்டியதில்லை.

தடைக்காலம் என்ற வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. ஞாயிறு என்றால் அடுத்த நாளே போய்விடுவார்கள். அதைத் தனியே ஒரு வரியாக எழுத வேண்டிய கனம் அதற்கில்லை. விசைப்படகுகளுக்கான தடை இந்தக் காலத்தது என்பதால், கதை இரண்டு காலங்களில் நடக்கிறது என்றும் கொள்ளலாம்: கடிதம் 1953-இல், விசாரணை இன்று.

திருவட்டாறிலிருந்து:

மாத்தூர் தொட்டிப்பாலம் எனக்கு அடுத்த ஊர்தான். மூன்றாவது முன்னோட்டம் வெளிவந்த வார இறுதியில் வண்டிகள் நிறைய வந்திருந்தன. பாலத்தின் கீழே பூங்காப் பக்கத்தில் நின்று, கைப்பேசியில் இருந்த படத்தையும் தூண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள். படத்தில் எத்தனையாவது தூணின் அருகே நிழல் விழுகிறது என்று அந்தச் சிறுவன் எண்ணிக்கொண்டிருந்தான். பிணம் அந்தத் தூணடியில்தான் கிடைக்கும் என்பது அவன் முடிவு. அவன் தாயார் என்னிடம், “அண்ணே, இவன் பரீட்சைக்கு இப்படி எண்ணினால் நன்றாக இருக்கும்” என்றார்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட கோணம், இங்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அனைவரும் நின்று படமெடுக்கும் அதே கோணம். அதனால் தூண், நிழல் ஆகியவற்றை நான் பொருட்படுத்தவில்லை. ஒன்று மட்டும் உறுதி: பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நிற்கும் இந்தப் பாலம் 1966-இல் கட்டப்பட்டது. எனவே கடிதத்தின் காலத்தில் இவ்விடத்தில் கடக்கப் பாலமே இல்லை. குளச்சல் டீச்சர் சொன்ன இரண்டு காலம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

ஆனால் அந்த வரியைக் கவனியுங்கள். தண்ணீர் பாலத்தைக் கடந்தது என்கிறார். ஆறு பாலத்தின் அடியில் ஓடுகிறது. பாலத்தைக் கடப்பது மேலே தொட்டியில் ஓடும் கால்வாய்த் தண்ணீர். அது எல்லா நாளும் ஓடுவதில்லை. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காகப் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள், கும்பப்பூ என்னும் இரண்டாம் போகம் முடிந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் தொட்டி காய்ந்து கிடக்கும். வெளியூர் ரசிகர்கள் எவரும் இதைக் குறிப்பிடவில்லை என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

சின்னமுட்டத்திலிருந்து, படகு உரிமையாளரின் மகன்:

டீச்சரும் திருவட்டாறு அண்ணனும் எழுதியதை அருகருகே வைத்துப் பார்த்தேன். நம் மாவட்டம் இரண்டு கடல்களுக்கு உரியது என்பதால் தடைக்காலமும் இரண்டு. எங்கள் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கத்து மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வரிகளை மட்டும் நம்பினால், படகுகள் கட்டிக்கிடந்து கால்வாயிலும் தண்ணீர் ஓடும் காலம் ஜூன், ஜூலை ஆகிய இரண்டு மாதங்கள். படத்தில் எழும் சூரியனையும் நம்பினால் அது ஜூன் 1 முதல் 14 வரையாகச் சுருங்குகிறது.

அந்தப் பதினான்கு நாட்களில்தான் இரண்டு கரைகளிலும் விசைப்படகுகள் ஒரே சமயத்தில் நிற்கும். மர்மக் கதை எழுதுபவர் ஒருவர் இந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த இரண்டு வாரங்களை விட்டுவைப்பார் என்று நான் நம்பவில்லை. தடை விசைப்படகுகளுக்கே உரியது, வள்ளங்களும் கட்டுமரங்களும் வழக்கம்போல் போகலாம். ஆகவே அந்த நாட்களில் எவராவது கடல்வழியே காணாமல் போயிருந்தால், அவரை ஏற்றிச் சென்றவர் கரையோர ஊர் ஒன்றின் வள்ளக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவர் எந்நேரம் இறங்கினார், எந்நேரம் கரையேறினார் என்பதை ஊரில் யாராவது ஒருவர் பார்த்திருப்பார். நான் நாவலை வாங்கியதும் சாட்சிகளின் பட்டியலில் வலை பின்னுபவர் ஒருவர் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். சங்கு முத்திரை வடிவமைப்பாளரின் வேலை என்று பத்திர எழுத்தர் ஐயா உறுதியாக இருந்தால், புத்தகம் வந்த பிறகு ஒரு தேநீர் பந்தயத்துக்கு நான் தயார். என் வாக்கு போலிக் கடிதத்துக்கே.