ஊராட்சித் தலைவர் தேர்தல் முடிவை எதிர்த்து மனு: 45 நாள்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

கண்மாய்க்கரை (28 ஜனவரி 2020)

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் எங்கள் கிராம ஊராட்சிக்கு டிசம்பர் 30 அன்று, இரண்டாம் கட்டத்தில் வாக்குப்பதிவு நடைபெற்றது. தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட என் சித்தப்பா 11 வாக்கு வித்தியாசத்தில் தோற்றதாக அறிவித்தார்கள். ஜனவரி 2 காலையில் தொடங்கிய வாக்கு எண்ணிக்கை நள்ளிரவையும் தாண்டி நீண்டது. எங்கள் ஊராட்சியின் முடிவு 3-ஆம் தேதி விடியற்காலையில்தான் சொல்லப்பட்டது. கடைசியாக எண்ணிய பெட்டியில், சித்தப்பாவின் சின்னத்தில் முத்திரை பதிந்திருந்த இளஞ்சிவப்புச் சீட்டுகள் பலவற்றை, இரண்டு இடங்களில் முத்திரை இருப்பதாகக் கூறிச் செல்லாதவை என ஒதுக்கிவிட்டார்கள். சீட்டை மடித்தபோது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியதே அந்த இரண்டாவது அடையாளம் என்று எங்கள் முகவர் அங்கேயே வாதிட்டும் பயனில்லை.

சித்தப்பா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (உயர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் நீதிப்பேராணை மனு) போடலாம் என்கிறார். ஊரில் சிலர் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். எது சரி? 45 நாள் அவகாசம் என்பதை 2-ஆம் தேதியிலிருந்து கணக்கிடுவதா, 3-ஆம் தேதியிலிருந்தா? வென்றவர் 6-ஆம் தேதி பதவியேற்றுவிட்ட நிலையில் இனி வழக்குத் தொடர இயலுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீதிமன்ற வளாகம்

வணக்கம். நான் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறவன். உங்கள் சித்தப்பாவின் ஆவணங்களைப் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வாரத்திலேயே ஒரு வழக்குரைஞரை நேரில் சந்தியுங்கள்.

ரிட் மனு வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ உறுப்பு, மாநிலச் சட்டம் வகுத்துள்ள முறையில் தாக்கல் செய்யும் தேர்தல் மனுவின் மூலமாகவே ஊராட்சித் தேர்தலைக் கேள்விக்கு உட்படுத்த முடியும் என்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 258-ஆம் பிரிவின்படி அந்த மனுவை மாவட்ட நீதிபதியிடம் 45 நாள்களுக்குள் அளிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டின் வேர் நம் பக்கத்து நாமக்கல்லில்தான் இருக்கிறது. நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அதை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் என்பது அறிவிக்கை வெளியாவதிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் வரையிலான முழு நடைமுறையையும் குறிக்கும் என்றும், அதில் எழும் பிணக்கைத் தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவில்தான் எழுப்ப வேண்டும் என்றும் 1952-இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சொன்ன அதே கொள்கையைத்தான் 243-ஓ உறுப்பு ஊராட்சிகளுக்கும் கொண்டுவந்தது.

உயர் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருந்த நாள்களை 45-இல் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கக் கோர காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இருக்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் கீழான தேர்தல் மனுவுக்கு அப்பிரிவு பொருந்தாது என்று 1974-இல் உக்கும்தேவ் நாராயண் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஊராட்சித் தேர்தல் மனுவிலும் எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையாக இதைத்தான் எழுப்பும்.

தேதிக்கு வருகிறேன். 258-ஆம் பிரிவு முடிவு வெளியிடப்பட்ட நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடச் சொல்கிறது. முடிவு 2-ஆம் தேதி வெளியானதாகக் கொண்டால், அந்த நாளை நீக்கி எண்ணும்போது 45-ஆவது நாள் பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. 3-ஆம் தேதி என்றால் பிப்ரவரி 17, திங்கள். விடுமுறையில் முடியும் கெடுவுக்கு அடுத்த வேலை நாள் கிடைக்கும் என்பது பொது விதி. ஆனாலும் அந்த விதியையோ 3-ஆம் தேதியையோ நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2-ஆம் தேதியையே தொடக்கமாக வைத்து, பிப்ரவரி முதல் வாரத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். குறை சுட்டி மனுவை அலுவலகம் திருப்பினால் சரிசெய்து மீண்டும் கொடுக்க நாள் மிச்சமிருக்க வேண்டும் அல்லவா?

வென்றவர் பதவியேற்றது மனுவுக்குத் தடையாகாது. அதே நேரத்தில், மனு தாக்கலானது என்பதற்காக அவர் பதவியிலிருந்து விலகியிருக்க வேண்டியதும் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, பல தேர்தல்களில் வாக்கு எண்ணும் மேசையில் பணியாற்றியவன் என்ற முறையில், மடிப்பு மை பற்றி மட்டும் எழுதுகிறேன். வாக்காளருக்குக் கொடுக்கப்படும் முத்திரையில் அம்புகள் சுழலும் வடிவம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மடித்த சீட்டில் மை எதிர்ப்பக்கம் ஒட்டினால் அங்கே கண்ணாடியில் தெரிவதுபோல் சுழற்சி தலைகீழாக விழும். இரண்டு அடையாளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வாக்காளர் வைத்தது, எது ஒட்டியது என்பது நொடியில் தெரிந்துவிடும். அப்படி ஒட்டிய அடையாளத்தைக் காரணம் காட்டி ஒரு சீட்டை ஒதுக்கக் கூடாது என்பதே எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லப்பட்டது. விடிய விடிய நான்கு பதவிகளுக்கான நான்கு நிறச் சீட்டுகளையும் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கும் களைப்பில் இந்தக் கவனம் தவறக்கூடும். அதற்காக ஒருவருடைய வாக்கு வீணாவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே உங்கள் முகவரை உட்கார வைத்து, அவர் நினைவு மங்குவதற்குள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எந்த மேசை, எந்த வாக்குச்சாவடியின் பெட்டி, ஒதுக்கப்பட்ட சீட்டுகள் ஏறத்தாழ எத்தனை, அவற்றில் மையின் திசையை அவர் கண்ணால் பார்த்தாரா, யாரிடம் ஆட்சேபித்தார், என்ன பதில் கிடைத்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். முடிவு அறிவிக்கப்படும் முன்பு மறு எண்ணிக்கை கேட்டு எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா?

கண்மாய்க்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மறு எண்ணிக்கை கேட்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சித்தப்பா கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கிடைக்கவில்லை. கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறோம். இன்னொரு ஐயம்: போட்டியிட்ட மற்ற இருவரும் மிகக் குறைந்த வாக்குகளே பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டார். வென்றவரை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதாதா?

நீதிமன்ற வளாகம்

போதாது. போட்டியிட்ட வேட்பாளர்கள் அனைவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. பத்து வாக்குகள் பெற்றவரை விட்டுவிட்டாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகும் ஆபத்து இருக்கிறது. 45 நாள் கடந்தபின் விடுபட்டவரைச் சேர்க்க அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திருப்பூரில் இருப்பவரின் முகவரியை இப்போதே தேடிப் பிடியுங்கள்.

தலைமையாசிரியர் ஐயா கேட்ட விவரங்கள்தான் இந்த வழக்கின் உயிர். "எண்ணிக்கையில் முறைகேடு நடந்தது, ஆகவே மீண்டும் எண்ண வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நீதிமன்றம் பெட்டியைத் திறக்காது. வாக்கின் இரகசியத்தைக் காக்க வேண்டியிருப்பதால், முக்கியச் சங்கதிகள் மனுவிலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்றும், முகாந்திரம் இருப்பதாக நீதிமன்றம் மனநிறைவு கொண்டால்தான் வாக்குச்சீட்டுகளைப் பார்வையிட அனுமதிக்கலாம் என்றும் 1964-இல் ராம் சேவக் யாதவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தல் ஒன்றிலிருந்து சென்ற ஷம்சுதீன் வழக்கில், 1989-இல், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மறு எண்ணிக்கையில் முடிவு மாறியதாலேயே மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது சரியாகிவிடாது. உத்தரவிடும் நேரத்தில் அதற்கு ஆதாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி என்றது. ஆகவே, எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்ற உங்கள் சித்தப்பாவின் நம்பிக்கை இயல்பானது என்றாலும் சட்டத்தின் முன் நிற்காது.

அந்தச் சீட்டுகள் தவறாக ஒதுக்கப்பட்டன என்பதோடு, அதனால் தேர்தலின் முடிவே மாறிவிட்டது என்பதையும் மனுவில் சொல்ல வேண்டும். 11 வாக்கு வித்தியாசத்தில், ஒதுக்கப்பட்டவை அதைவிடக் கூடுதல் என்று காட்ட முடிந்தால் வலுவான நிலை. வென்றவரின் தேர்தல் செல்லாது என்று அறிவிக்கக் கோருவதோடு நிறுத்தாமல், சித்தப்பாவே தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அறிவிக்கவும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் தானாக வழங்காது.

கைப்பேசிப் படத்தை அழித்துவிட வேண்டாம். கைப்பேசியையும் மாற்ற வேண்டாம்.

வைகை வடகரை

எங்கள் குடும்பமும் இப்படி ஒரு வழக்கை நடத்தியது என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 45 நாள் என்று மனுதாரரிடம் கறாராக இருக்கும் சட்டம், வழக்கு முடிய அதே கறாரோடு ஒரு நாள் குறிப்பதில்லை. 243-இ உறுப்பின்படி ஊராட்சியின் ஆயுள், முதல் கூட்டம் கூடும் நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு பதிலுரைக்கே வாய்தா மேல் வாய்தா வாங்கியது. சாட்சி விசாரணை முடிந்து வாதம் தொடங்கும்போது பதவிக்காலமே முடிந்துபோயிற்று. வழக்கு பயனற்றுப் போனதாகச் சொல்லி முடித்து வைத்தார்கள். யார் வென்றார் என்ற கேள்விக்குக் கடைசி வரை விடை கிடைக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு இன்றும் அந்த ஆற்றாமை தீரவில்லை.

ஆகவே மனுவோடு சேர்த்தே இரண்டு இடைக்கால மனுக்களைப் போடச் சொல்லுங்கள். முத்திரையிட்ட வாக்குச்சீட்டுக் கட்டுகளை, குறிப்பாகச் செல்லாதவை வைக்கப்பட்ட கட்டை, வழக்கு முடியும் வரை அழிக்காமல் பாதுகாக்க உத்தரவு வேண்டும் என்பது ஒன்று. விரைந்து விசாரிக்கக் கோருவது மற்றொன்று. முதல் மனுவை முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

கண்மாய்க்கரை (30 ஜனவரி 2020)

நேற்றே ஒரு வழக்குரைஞரிடம் வக்காலத்தில் கையெழுத்திட்டுவிட்டோம். ரிட் எண்ணத்தைச் சித்தப்பா விட்டுவிட்டார். முகவர் தாம் பார்த்ததை நான்கு பக்கம் எழுதித் தந்திருக்கிறார். மை ஒட்டிய திசையை அவர் படம் வரைந்தே காட்டியிருக்கிறார். திருப்பூர் முகவரியும் கிடைத்துவிட்டது. அடுத்த புதன்கிழமைக்குள் மனுவைத் தாக்கல் செய்வதாக வழக்குரைஞர் சொல்லியிருக்கிறார். எண் கிடைத்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.